பொக்கை வாய்ச் சோளம்

பொக்கை வாய்ச் சோளக்கதிரைப் பார்த்திருக்கிறீர்களா? போன வருடம் இலங்கையில் ஹாலிஎலப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் நான் விளைவித்தது அதுதான்.

விவசாய டிப்ளோமா முடித்த கெத்து. அம்மாவின் காய்கறித் தோட்டம் முழுக்கச் சோளம் போட்டேன். சரிவராவிட்டால் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் வாய் வேறு விட்டிருந்தேன்.

எங்கள் லய வரிசையில் ஆறு வீட்டுத் தோட்டங்களுக்கும் மலை ஊற்றிலிருந்து வரும் ஒரே பீலித் தண்ணீர். குழாய் வாரத்தில் ஒரு நாள்தான் ஒரு வீட்டுக்கு. பயிர் முழங்கால் உயரம் நின்றபோது மத்தியான வெயிலில் இலை சுருண்டது. சாயங்காலம் தானாகவே விரியும். நான்தான் பதறிப்போய், பக்கத்துத் தோட்டத்து அக்காவின் முறையையும் நாலு வாரம் வாங்கிக்கொண்டேன். பிறகு என் முறை நாலை அவருக்குத் தர வேண்டும். அப்போது அவர் நிலம் சும்மாதான் கிடந்தது.

"நல்லா ஊத்து தம்பி. படிச்ச சோளமாச்சே" என்று சிரித்துக்கொண்டே கொழுந்து பறிக்கப் போனார்.

மழை ஏமாற்றியது. கதிரில் பட்டு நூல் எட்டிப் பார்த்த அதே வாரம், அதற்குள் போஞ்சி என்கிற பீன்ஸ் போட்டிருந்த அக்கா வந்து குழாயைக் கேட்டார். சோளம் தண்ணீருக்குத் தவிக்கிற நேரமே அதுதான். அப்போது காய்ந்தால் மணி பிடிக்காது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

இரண்டு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஒன் சோளம் பூத்திருக்கு, சரி. என் போஞ்சியும் பூத்துத்தானே நிக்குது?"

குழாயை நானே இழுத்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து கீழே ஓடையில் கேன் நிரப்பி, செங்குத்து ஏற்றத்தில் சுமந்தேன். டிப்ளோமாவில் இதுவும் பாடமா என்று அக்கா கேட்டார். கேனைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினேன். பன்னிரண்டு நாள். தோள் தோல் உரிந்தது. மூன்று வரிசையைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அறுவடையில் அந்த மூன்று வரிசையும் முட்ட முட்ட மணி. மற்றதெல்லாம் பொக்கை. அம்மா இரண்டிலும் ஒவ்வொன்றை உரித்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடுத்த தடவ தண்ணிய முன்னாலயே தீத்துடாத" என்றார். அடுத்த தடவை என்றாரே, எனக்கு அது போதும். கொழும்புப் பேச்சு அதோடு சரி.

தெரிந்து வைத்திருப்பது வேறு, சுருண்ட இலையைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்பது வேறு.

இந்தத் தடவையும் சோளம் முழங்கால் உயரம், மத்தியானத்தில் சுருளுகிறது. இன்று என் முறை; பட்டு நூல் விடும்போது திருப்பித் தரச் சொல்லி அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். குழாய் அக்காவின் போஞ்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது.