மாமி வார்த்த தண்ணீர்

இலங்கைத்துறையில் ராசமலர் அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. கருவாடு வாங்க வருகிறவன் விலையைக் குறைத்துக் கேட்டால் அவனுடைய பரம்பரையையே இழுத்துவைத்துப் பேசி அனுப்புவார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கேள்வி கேட்டதில்லை. அது கூடப்பிறந்த தம்பி தயா. அங்கேதான் ஏமாந்தும் போனார்.

தயா திருகோணமலை டவுனில் இருந்துகொண்டு ஒரு ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன். அக்காவின் மகன் திலக்சனுக்கு ரஷ்யாவில் இராணுவ முகாமின் குசினியில் சமையல் வேலை, துவக்கைத் தொடவே தேவையில்லை என்றான். சண்டைக்காலத்தில் அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெல்லடிக்குள் வாகரைக்கு ஓடிய தாய் அவர். வேறு யாராவது இந்தக் கதையோடு வந்திருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். தாய்மாமன் கைப்பிடித்து அனுப்பும்போது துருவிக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வெருகல் கோயில் நூலைக் கையில் கட்டி, கருவாடும் பொதிபண்ணி அனுப்பிவைத்தார்.

போன கொஞ்சக் காலத்தில் திலக்சனின் குரல் பதிவு வந்தது. "அம்மா, குசினி எல்லாம் பொய். துவக்குத் தந்திட்டாங்கள். கெதியா முன்னரங்குக்குக் கொண்டுபோகப் போறாங்களாம். மாமாட்டச் சொல்லி எப்பிடியாவது என்னை எடுங்கோ."

மாமா போனை எடுக்கவில்லை. அக்கா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தயாவின் மகள் கிருசாந்தினி பெரியபிள்ளையாகி, சாமத்திய வீட்டுக்கு அழைப்பு வந்தது. பிள்ளையின் தலைக்கு முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவர் தகப்பனோடு கூடப்பிறந்த மாமி. அவர் வார்க்காமல் சடங்கு தொடங்காது. அக்கா போகமாட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். அவரோ நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். துணைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நானும் போனேன்.

பந்தலில் பிள்ளை பலகையில் இருந்தாள். வீடியோக்காரர் ஆயத்தமாக நின்றார். பாலும் அறுகும் போட்ட செம்பை அவள் தலைக்கு மேலே தூக்கிய அக்கா, தூக்கியபடியே நின்றார்.

"தயா, உன்ட ஏஜென்சிக்காரனுக்கு இப்ப போனில கோல் எடு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி எடு."

பிறகு கதைப்போம் என்று தயா கெஞ்சினான். நல்ல நேரம் போகிறது என்று சனம் முணுமுணுத்தது. செம்பு அசையவில்லை. வேறு வழியில்லாமல் எடுத்துத் திலக்சனைப் பற்றிக் கேட்டான். மறுமுனையில் ஒருவன் சாவகாசமாகக் கதைத்தான்.

"அந்தப் பெடியனை முந்தநாளே முன்னுக்கு அனுப்பியாச்சு அண்ணன், இனி எடுக்க ஏலாது. மற்ற ரெண்டு பெடியனையும் எப்ப ஏத்துறீங்கள்?"

அந்த இரண்டு பெடியன்களின் தாய்மாரும் பந்தலுக்குள்தான் இருந்தார்கள். ஒருத்தி எழும்பிப் போய்த் தயாவின் பட்டுச் சட்டையைப் பிடித்தாள். எனக்கு அது நன்றாகவே இருந்தது.

அக்கா அழவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் தலையில் மெதுவாகத் தண்ணீரை வார்த்தார். நீ என்னம்மா செய்வாய் என்று கன்னத்தைத் தடவினார். வீடியோவில் இதை வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தம்பியிடம் திரும்பினார்.

"கோவிச்சுக்கொண்டு வராம விட்டிருவன் எண்டு நினையாத. என்ட பிள்ளை வருமட்டும் உன்ட வீட்டு நல்லதுக்கெல்லாம் நான் வருவன். வந்து கேப்பன்."

அந்த இரண்டு பெடியன்களும் போகவில்லை. திலக்சனிடமிருந்து இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை. அக்கா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.

தயா போன மாதம் உவர்மலையில் புது வீட்டுக்குக் குடிபோனான். ஒருவருக்கும் சொல்லாமல், கள்ளனைப் போல விடியற்காலையில் பால் காய்ச்சினான். பால் பொங்குவதற்கு முதல் அக்கா கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போய், எங்கே என் பிள்ளை என்று கேட்டார். தயா தன் கையாலேயே அடுப்பை அணைத்தான்.

அக்காவுக்கு முதல்நாளே கோல் எடுத்துச் சொன்னவள் கிருசாந்தினி.