தெரியாத வரிகளுக்கு ஒரு கோப்பு

ரஞ்சினியின் மகள் துஷா அழைத்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். கணினித் திரையில் ஒரு ஸ்கிரிப்ட், நான் எழுதிய கட்டளைத் தொடர், ஓடிக்கொண்டிருந்தது. "அன்ரி, அம்மா காலமை போயிட்டா" என்றாள். பிறகு, "உங்களுக்கு நான்தான் சொல்லவேணும் எண்டு அம்மா சொல்லி வைச்சவ. ஆரும் சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாதாம்" என்றாள். தொலைபேசியை வைத்த பிறகும் நான் ஸ்கிரிப்டை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ரஞ்சினிக்குக் கோபம் வந்திருக்கும். பாதியில் நின்றுபோன வேலையைத் துப்புரவு செய்வது அவருக்கு அறவே பிடிக்காது.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இறந்ததும் எல்லோரும் நல்லவர்களாகிவிடும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரஞ்சினி பொறுமைசாலி அல்லர். கூட்டங்களுக்குப் பிந்தி வருவார், யாராவது நீட்டிப் பேசினால் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். விழாக்களில் மேடைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். ஆனால் ஒரு வேலையைச் செய்யப்போவதாகச் சொன்னால், அது முடியும்வரை அவரிடமிருந்து யாரும் தப்ப முடியாது. நானும் தப்பவில்லை.

நாங்கள் இருவரும் ஒஸ்லோவில் ஒரே ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தோம். மதுரையில் புள்ளியியல் படித்துவிட்டு வந்த நான் மேல்மாடியில், யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இங்கே கணினி படித்த அவர் கீழே கணினிகளைப் பராமரிக்கும் பிரிவில். ஏறக்குறைய ஒரே வயது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு நாள், என் ஸ்கிரிப்ட் சில கோப்புகளைக் காணவில்லை என்று அடம்பிடிப்பதாகக் கீழே எழுதி அனுப்பினேன். கோப்புகளோ கண்முன்னே இருந்தன. அவர் மேலே ஏறி வந்து கதவில் நின்றபடியே கேட்டார்:

"நீரோ உந்த முறைப்பாடு எழுதினனீர்?"

நேரில் ஒருவர் என்னை 'நீர்' என்று அழைத்தது அதுவே முதல்முறை. நாடக மேடையில்தான் கேட்டிருக்கிறேன். "ஆமாங்க" என்றேன். அதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார்.

கோப்புகளுக்கு நோர்வேயின் ஊராட்சிப் பெயர்களையே வைத்திருந்தோம். 'ஓவ்ரே ஐக்கர்' போன்ற இரட்டைச் சொற்பெயர்களை ஸ்கிரிப்ட் நடுவில் வெட்டி, 'ஓவ்ரே' என்று ஒரு கோப்பையும் 'ஐக்கர்' என்று இன்னொன்றையும் தேடிக்கொண்டிருந்தது. ரஞ்சினி அதைத் திருத்தும் முன்பு வேறொன்றைச் செய்தார். என் ஸ்கிரிப்டின் கடைசி வரி, வேலை முடிந்த கோப்புகளை அழிக்கும் rm கட்டளை. அதன் முன்னால் echo என்ற ஒரே சொல்லைச் சேர்த்து ஓடவிட்டார். இப்போது கணினி எதையும் அழிக்கவில்லை, எதை அழித்திருக்கும் என்று மட்டும் திரையில் எழுதிக் காட்டியது. "செய் எண்டு சொல்ல முதல், என்ன செய்யப்போறாய் எண்டு கேளும். கேட்டால் அது மறைக்காது" என்றார். பிறகு பெயர் வரும் இடமெல்லாம் மேற்கோள் குறி இட்டு, ls என்ற கட்டளை தரும் கோப்புப் பட்டியலை நம்பாமல், கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல்லே கோப்புகளை நேராக எடுக்கும்படி மாற்றி எழுதினார். பெயர்கள் உடையாமல் வந்தன. சந்தேகம் என் தொழில். அதை ஒரு கட்டளையாக எழுதலாம் என்று அன்றுதான் பார்த்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மதிய இடைவேளையில், "சனிக்கிழமை ஹவுகன்ஸ்டுவாவுக்கு வாரும், டொக்டர். ஒரு வேலை கிடக்கு" என்றார். என் ஆய்வுப் பட்டத்தை அவர் கேலிக்கு மட்டுமே பயன்படுத்துவார். நகரின் அந்தப் பகுதியில் இருந்த அவருடைய அடுக்குமாடி வீட்டில் நாலைந்து பேர் தேநீரோடு காத்திருந்தார்கள். எல்லோரும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் தமிழர்களுக்காக மொழிபெயர்ப்பவர்கள். 'தொல்க்' என்று நோர்வேஜியத்தில் சொல்லும் அந்த வேலையில் தாங்கள் சேர்த்த மருத்துவச் சொற்களைப் பல ஆண்டுகளாக ஒரு பழைய கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். இடப்பக்கம் நோர்வேஜியம், வலப்பக்கம் தமிழ். அந்தக் கணினி சாகும் நிலையில் இருந்தது. புதிய கணினிகளிலோ தமிழ்ப் பக்கம் முழுவதும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது, அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தப்போறன். அப்பதான் எந்தக் கொம்பியூட்டரிலையும் தமிழாத் தெரியும்" என்றார் ரஞ்சினி.

மருத்துவச் சொற்களில் ஒரு பிழை வந்தால் அதன் விலை என்ன என்று கேட்டேன். ஆட்களைப் பிடித்து மறுபடி தட்டச்சு செய்வதே பாதுகாப்பு என்றேன்.

"கையாலை செய்தா களைச்சுப்போவம். களைச்சவன் விடுற பிழை ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி. ஸ்கிரிப்ட் விடுற பிழை ஒரே மாதிரி. ஒரு இடத்திலை திருத்தினா எல்லா இடமும் திருந்தும்" என்றார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

முதல் ஓட்டத்தின் முடிவைப் பார்த்து வீடே சிரித்தது. தமிழெழுத்தும் நோர்வேஜிய எழுத்தும் கணினிக்கு ஒன்றாகவே இருந்ததால், ஸ்கிரிப்ட் இரண்டு பக்கத்தையும் தமிழாக்கிவிட்டது. கல்லீரலுக்கான நோர்வேஜியச் சொல்லான lever, 'டநஎநச' என்று நின்றது. "என்ன பிள்ளை, மந்திரம் ஓதுறியே?" என்றார் மொழிபெயர்ப்பாளர்களில் மூத்தவரான குகன் அண்ணை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே, அடுத்த பத்திக்குத் தாண்டும் டாப் (Tab) விசையை அழுத்தியிருந்தவர்களின் கோப்புகளை, அந்த இடத்தில் பிரித்து வலப்பக்கத்தை மட்டும் மாற்றினோம். குகன் அண்ணை மட்டும் டாப் விசையைத் தொட்டதே இல்லை. பத்தி நேராகத் தெரியும்வரை இடைவெளி விசையையே அழுத்திக்கொண்டு போயிருந்தார்.

"அண்ணை, உதை அமத்தி அமத்தி எங்கை போனனீங்கள்? ஸ்தவாங்கருக்கோ?"

"பார்வைக்கு நேரா நிண்டதுதானே, பிள்ளை."

"பார்வை உங்களுக்கு இருக்கு. இதுக்கு இல்லை."

ஒரு இடைவெளி என்றால் அது சொற்களுக்கு நடுவில், இரண்டோ அதற்கு மேலோ என்றால் அது எல்லை என்று ரஞ்சினி விதி எழுதினார். பெரும்பாலான வரிகள் அடங்கின. அடங்காதவற்றில் சொல்லும் எல்லையும் ஒரே இடைவெளியில் கலந்து கிடந்தன. எந்தச் சொல் எந்த மொழி என்று ஊகிக்க ஒரு வழி நான் சொன்னேன். பத்தில் ஒன்பது சரியாக வரும், புள்ளியியலில் அது மோசமில்லை.

"வேண்டாம்" என்றார். அத்தகைய வரிகளைத் தொடாமல் தனியே ஒரு கோப்பில் போடும்படி எழுதி, அதற்குத் 'தெரியாது' என்று பெயர் வைத்தார். "தெரியாததைத் தெரியாதெண்டு எழுதோணும்."

பிடிவாதம் என்று நினைத்தேன், சொல்லவும் செய்தேன். மற்றவர்கள் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அவர் காரணத்தைச் சொன்னார். துஷாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ரஞ்சினிக்கு வேலை இருந்த ஒரு நாளில், தந்தையோடு மருத்துவமனைக்குப் போனது அவள்தான். அந்தச் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. மருத்துவர் சொன்ன சொல் குழந்தைக்குப் புரியவில்லை. அவர் கையால் காட்டிய இடத்தைப் பார்த்து, "வீக்கமாம் அப்பா" என்றாள். வீக்கம்தானே என்று தந்தை தைலம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்த சந்திப்பில் ரஞ்சினி கூடப் போனபோதுதான் அது புற்றுநோய் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. ரஞ்சினியே சொன்னார்: "அது ஆருக்கும் தெரியாது. ஆனா என்ர பிள்ளைக்கு, 'எனக்குத் தெரியாது' எண்டு சொல்லலாம் எண்டு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை. நானும்தான். இனி ஒரு பிள்ளையும் தொல்க் இருக்கவேண்டிய அந்தக் கதிரையிலை இருக்கக் கூடாது."

அதன் பிறகு நான் ஊகத்தைப் பற்றிப் பேசவில்லை. வேலை முடிய ஒரு குளிர்காலமும் அடுத்த கோடையில் பாதியும் ஆயின. மாற்றிய சொற்கோவையை எல்லா மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கொடுத்தோம். 'தெரியாது' கோப்பை மட்டும் ஸ்கிரிப்டிடம் விடாமல், சனிக்கிழமைகளில் உட்கார்ந்து வரிவரியாகப் பேசித் தீர்த்துவந்தோம். பிற்காலத்தில் தனக்கும் புற்றுநோய் வந்த பிறகும் ரஞ்சினி அந்தச் சனிக்கிழமைகளைத் தள்ளிவைக்கவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "என்னைப் பாக்க வேண்டாம், திரையைப் பாருங்கோ" என்பார்.

தகனம் முடிந்து அவர்கள் வீட்டில் இருந்தபோது, துஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசியாக மருத்துவர்கள் பேச அழைத்தபோது, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டார்களாம். ரஞ்சினியின் நோர்வேஜியம் என்னுடையதைவிடச் சுத்தமானது. ஆனாலும் தேவை என்றிருக்கிறார்.

"நான் இருக்கிறன்தானே அம்மா எண்டு கேட்டனான். 'நீ மகளா இரு. தொல்க் வரட்டும்' எண்டவ. வந்தது ஒரு புதுப் பிள்ளை, அன்ரி. டொக்டர் கதைக்கேக்கை ஒரு சொல்லிலை நிண்டிட்டா. 'மன்னிக்கவேணும், இந்தச் சொல் எனக்குத் தெரியாது, பாத்துட்டுச் சொல்லுறன்' எண்டு பையிலயிருந்து உங்கட சொற்கோவையை எடுத்தவ. அம்மா சிரிச்சவ. அந்த நேரத்திலை சிரிச்சவ, அன்ரி."

அந்தச் சொல் அதில் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம்.

ரஞ்சினியிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. அழிக்கும் எந்தக் கட்டளைக்கும் முன்னால் என் விரல்கள் தாமாகவே echo என்று தட்டுகின்றன. மற்றது 'தெரியாது' கோப்பு. துஷா அதை என் கணினிக்கு அனுப்பிவிட்டாள். இன்னும் சில வரிகள் அதில் இருக்கின்றன. எதையும் ஊகிக்கப்போவதில்லை. அது வெறுமையாகும்வரை சனிக்கிழமைகளில் நான் ஹவுகன்ஸ்டுவா ரயிலில் ஏறுவேன். குகன் அண்ணையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.