இரண்டு வீட்டுக்கும் வந்த ஒரே சீட்டு

அந்தச் சீட்டில் சிறகு முளைத்த ஓர் உருவம் நின்றிருக்கும். கைகளில் இரண்டு கோப்பைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் சரிந்து ஓடும். ஒரு கால் குளத்துக்குள், ஒரு கால் கரைமேல். சேலத்தில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அறைத்தோழி கொடுத்த டாரட் சீட்டுக்கட்டோடு கோடை விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எழுபத்தெட்டுச் சீட்டுகளில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான். கட்டோடு வந்த ஆங்கிலக் கையேட்டில், அந்தப் படத்துக்கு நேராக 'நிதானம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

"இந்தத் தண்ணியப் பாரு கண்ணு. இப்பிடிச் சாஞ்சு ஓடுனா நெசத்துல கீழ சிந்தோணும். இதுல ஒரு சொட்டுக்கூடச் சிந்தல. அதுதான் இந்தச் சீட்டோட அர்த்தமே."

எனக்கு அது வெறும் மாயவித்தையாகப் பட்டது. எதிரெதிரான இரண்டை, எதுவும் தன் குணத்தை இழந்துவிடாதபடி அளவறிந்து கலப்பதைப் பற்றிய படம் அது என்பதைப் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அத்தை வந்து இறங்கியது நிதானத்துக்கு உகந்த வேளையாக இல்லை. பரமத்தி வேலூருக்கு வடக்கே மேட்டாங்காட்டில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வாசலில் எதிரெதிரே இருந்தன. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. ஒரு நாள் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. காலை ஆறு மணிக்கு முறை மாறும். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் முறையில் மின்சாரம் வராமல் போகவே, அப்பா ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்தார். அப்படிப் போட்டால் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். மறுநாள் காலை அதை மாற்ற மறந்து சந்தைக்குப் போய்விட்டார். பெரியப்பா வீட்டாரோ, மதியத்துக்குள் திரும்பித் தண்ணீர் கட்டலாம் என்று வாழப்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது. கிணறு வற்றும்வரை அவர்களுடைய முறைத் தண்ணீர் எங்கள் கரும்புக்குப் பாய்ந்தது. திரளும் பருவத்தில் இருந்த அவர்களுடைய வெங்காயம் வாடிப் போயிற்று.

வேண்டுமென்றே செய்தது என்பது பெரியம்மாவின் கட்சி. கரண்டு செய்த தப்பு என்பது அம்மாவின் கட்சி. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பெரியப்பா தனியே ஆழ்துளைக் கிணறு போடுவதென்று திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வண்டி வரும். கிணற்றுக்குப் பக்கத்திலேயே அறுநூறு அடிக்குத் துளையிட்டால் ஊற்று வற்றி அந்தக் கிணறு இனி யாருக்கும் இல்லை என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆனால் வண்டி வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் யாராவது வாயைத் திறக்க வேண்டுமே.

அத்தை யார் பக்கமும் சேரவில்லை. ஒரு வேளை எங்கள் வீட்டில் சாப்பிட்டால் மறு வேளை அங்கே. "நானும் முறை வெச்சுத்தான் திங்கறேன்" என்று சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், "சும்மா பாக்கலாம், உக்காருங்க நங்கை" என்று அம்மாவைப் பாயில் அமர்த்தினார். அண்ணியை நங்கை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "இந்த வயசுல எனக்கென்ன சீட்டு?" என்று பிகு செய்துகொண்டே அம்மா விரித்த கட்டிலிருந்து ஒன்றை உருவினார். சிறகுக்காரி.

"இது பொறுமைசாலிக்கு மட்டுந்தான் வருமுங்க. இந்த வாசல்ல நிதானமான ஆளு நீங்கதான்னு சொல்லுது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாலு ஆத்தறா பாரு. கொழந்தைக்குச் சூடு பொறுக்காதுன்னு ஆத்தறா" என்றார். கையேட்டில் அப்படியொரு விளக்கம் இல்லை.

"நீயும் வா கண்ணு, பாயை எடுத்துக்க" என்று அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே பெரியம்மா உருவியதும் அதே சீட்டுத்தான். அத்தையும் எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தைகளைச் சொன்னார். பெரியம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி கட்டறவ மாதிரியே நிக்கறா. வாய்க்கால்ல ஒரு காலு, வரப்புல ஒரு காலு. மடை மாத்தறவ இப்பிடித்தான் நிக்கோணும். ம்ம், அப்ப நிதானமான ஆளு நாந்தான்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மாவுக்கும் இதேதான் வந்துச்சு பெரிம்மா. அம்மாவும் நிதானமான ஆளுன்னுதான் அத்தை சொன்னாங்க."

"அவளா? நிதானமா?"

பெரியம்மா சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு மாதமாகத் தாண்டாத வாசலைப் பத்தே அடியில் தாண்டினார். "ஏன் அம்மிணி, உனக்கும் இந்த றெக்கைக்காரிதான் வந்தாளா?"

பேச்சில்லை என்பதையே அம்மா மறந்துபோனார். "அதெப்பிடிக்கா உங்களுக்கு வரும்? அது எனக்கு வந்த சீட்டு!"

அத்தை கட்டோடும் நான் பாயோடும் பின்னாலேயே வந்து சேர்ந்தோம். அம்மாவும் பெரியம்மாவும் பாயில் உட்கார்ந்து கட்டு முழுவதையும் பரப்பித் தேடினார்கள். சிறகுக்காரி ஒருத்திதான். "எப்பிடிப் புடிச்சிருந்தா? இப்பிடியா?" என்று ஒருவருக்கொருவர் சீட்டை நீட்டிப் பார்த்தார்கள். விரிக்கும்போது அத்தை ஒரு சீட்டை மட்டும் விரலுக்கு நேரே தள்ளிக் கொடுத்திருக்கிறார் என்பது பிடிபட்டது.

"படிக்கப் போனவ மூணு சீட்டுக்காரனாட்ட வந்திருக்கறா பாரு!" என்றார் பெரியம்மா.

"உங்க ஊட்டுக்காரரு தங்கச்சிதானுங்களே, வேற எப்பிடி இருப்பா?"

"ஏன், உன்ற ஊட்டுக்காரனுக்கு அவ யாரு?"

சொல்லிவிட்டுப் பெரியம்மாவே சிரித்தார். அத்தை தலைகுனிந்து, "தப்புத்தானுங்க" என்றார். கட்டைப் பெரியம்மா பிடுங்கி எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சிரிப்பு ஓய்ந்த பிறகு அம்மா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "அன்னைக்கு மோட்டார் ஓடற சத்தம் எனக்குக் கேட்டுச்சுக்கா. கரும்பு காயுதேன்னு கம்முனு இருந்துட்டேன்."

பெரியம்மா கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தார். நான் எண்ணெய் தெறிப்பதை எதிர்பார்ப்பவள்போல் ஒதுங்கி நின்றேன். "வெள்ளாமை பண்ற காட்டுக்காரியாப் பொறந்தா யாருக்குமே அப்பிடித்தான் தோணும்" என்றார் பெரியம்மா கடைசியில். எங்களுடைய அடுத்த இரண்டு முறைகளைப் பெரியப்பா வீட்டுக்கு விட்டுவிடுவதென்றும், முறை முடிந்தவர் ஸ்டார்ட்டரை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டுமென்றும் அந்தப் பாயிலேயே முடிவாயிற்று. "அவருகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்" என்று பெரியம்மா எழுந்து போனார். திங்கட்கிழமை ரிக் வண்டி வரவில்லை.

ஆண்கள் இருவரும் மேலும் சில நாட்கள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அத்தைக்கு இருபத்திரண்டு வயது. அதைப்போல் இருமடங்கு வயதை இன்று நான் எட்டிவிட்டேன். இரண்டு வீட்டிலும் தனக்கிருந்த நல்ல பெயரை அவர்போல் ஒரே பிற்பகலில் எடுத்துப் பந்தயம் வைக்கும் துணிவு எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. அப்போதோ, அவரைக் காட்டிக்கொடுத்துவிட்ட குற்ற உணர்வில் ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் ஆட்டுப்பட்டிப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் கிளம்பும் நாளில், பேருந்து நிறுத்தம்வரை பையைத் தூக்கிவரச் சொல்லி அத்தை என்னைத்தான் அழைத்தார். பேருந்து தூரத்தில் தெரிந்தபோது என் தலையைக் கலைத்துவிட்டு, "அன்னைக்கு நீ வாயே தொறக்காம இருந்துருவியோன்னு பயந்துட்டே இருந்தேன் சாமி" என்றார்.

அந்த வயதில் நான் அதை, கோள் சொன்னதைக் குத்திக்காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். பேருந்து கிளம்பிப் போகும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வீட்டில் கேட்டதை மறு வீட்டில் சொல்வதில்லை என்று திரும்பும் வழியிலேயே சபதம் செய்துகொண்டேன். அதைப் பல ஆண்டுகள் மிகுந்த பெருமையோடு காப்பாற்றியும் வந்தேன்.