கீழிருந்து அடித்த வெயில்

வெயிலுக்காக முகத்தில் கிரீம் பூசுகிறவர்கள் நெற்றியில்தான் தொடங்குவார்கள். அவள் தாடைக்கு அடியில் தொடங்குவாள். குழாயடியில் அம்மாவிடம் முகத்தைக் கொடுத்த குழந்தைபோல அண்ணாந்துகொண்டு, கழுத்திலிருந்து மேல்நோக்கி, மூக்குத் துளையின் ஓரம்வரை தேய்ப்பாள். விரலில் மிச்சம் ஒட்டியிருப்பதுதான் நெற்றிக்கு. வருஷக்கணக்காக இப்படித்தான். பூசியது முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் பெயின்ட் கடைக்காரர் அவளுக்கு வெள்ளைக்காரி என்று பேர் வைத்தார். அவள் தலையைக் கண்டதும், "வெள்ளைக்காரி வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார். அவள் லேசாகச் சிரித்துவிட்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஏன் கீழிருந்து பூசுகிறாள் என்று அவர் கேட்டதில்லை.

கிடங்குகளின் தகரக் கூரைக்குச் சில்வர் பெயின்ட் அடிப்பது அவள் வேலை. வெயிலை உள்ளே இறங்கவிடாமல் திருப்பி அனுப்புகிற பூச்சு அது. அடித்து முடித்த மறுநாளே கீழே மூட்டை தூக்குகிறவர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். மேலே நிற்கிறவர்களுக்குத்தான் கண் அவியும்.

அவளும் அண்ணனும் சேர்ந்தே இந்த வேலைக்கு வந்தார்கள். அண்ணன் ரோலரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவான். ஓரங்களையும் மடிப்புகளையும் அவள் பிரஷ்ஷால் அடைத்துக்கொண்டு பின்னால் வருவாள். தகரத்தில் நினைத்த இடத்தில் கால் வைக்க முடியாது. அடியில் இரும்புச் சட்டம் ஓடுகிற போல்ட் வரிசை மேல்தான் நடக்க வேண்டும். பழைய கூரை என்றால் அதையும் நம்ப முடியாது. அதனால் அண்ணன் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பிரஷ் காம்பால் இரண்டு தட்டுத் தட்டுவான். டக், டக். சத்தம் கெட்டியாக இருந்தால் கால் வைப்பான். திரும்பிப் பார்த்து வா என்று சொல்ல மாட்டான். அந்தத் தட்டல்தான் அவளுக்கு வா.

வெயிலுக்கு அவர்கள் பயப்படாமல் இல்லை. அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, நெற்றிக்கும் கன்னத்துக்கும் மூக்குக்கும் கிரீம். தொப்பியின் நிழல் விழுகிற தாடைக்கும் கழுத்துக்கும் கிரீம் எதற்கு, தண்டம் என்பது அண்ணன் கட்சி. வெயில் மேலே இருந்துதானே வரும்? அதைத் திருப்பி மேலே அனுப்புகிற பூச்சைத் தாங்களே காலடியில் பூசிக்கொண்டு போகிறோம் என்பது இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

பிறகு அந்தக் கிரீமும் போயிற்று. வேர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கி எரிகிறது என்று அண்ணன் முனகிக்கொண்டிருந்த சமயம், சத்து மாத்திரை விற்கிற கடையில் ஒருவன் ஒரு புட்டியைக் கையில் திணித்தான். தினம் ஒன்று போட்டால் உடம்புக்குள்ளேயே குடை விரித்த மாதிரி என்றானாம். அன்றிலிருந்து யார் கிரீமை நீட்டினாலும் அண்ணன் வயிற்றைத் தட்டிக் காட்டுவான். "நாந்தான் குடைய முழுங்கிட்டேனே."

தாடைக்கு அடியில் சின்னதாக ஒரு புண் வந்தபோது, சவரம் செய்யும்போது பிளேடு பட்டது என்றான். அப்படித்தான் இருந்தது. ஆறுகிற மாதிரி பொருக்குத் தட்டும், அடுத்த சவரத்தில் பெயர்ந்து ரத்தம் கசியும். ஒவ்வொரு தடவையும் பிளேடு மேல் பழி போட வசதியாக இருந்தது. அண்ணி பால்கனித் தொட்டியில் இருந்த கற்றாழையை மடல் மடலாக வெட்டி, சோற்றை வழித்து மஞ்சளோடு குழைத்து ராத்திரிதோறும் வைத்துவிட்டாள். எரிச்சல் அடங்கியது. அடங்கியதும் குணமாகிறது என்று மூன்று பேரும் நம்பினார்கள். புண் பெரிதானபோது அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டான். சாப்பிடும்போதும் அதை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. தோல் புற்றுநோய் என்றார்கள். டாக்டரம்மா வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே, கருவிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டை எடுத்து விளக்குக்குக் கீழே அண்ணன் மார்புக்கு நேராகப் பிடித்தார். தாடைக்கு அடியில் இருந்த இருட்டெல்லாம் போய், புண் பளிச்சென்று தெரிந்தது. கூரையும் இதைத்தான் செய்தது என்றார். மாத்திரை எதுவும் கிரீமுக்கு ஈடாகாது, ஆறாத புண்ணைக் கற்றாழை வைத்து மூடிவைக்கக் கூடாது என்றும் சொன்னார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல இருக்கறவனுக்குப் பயந்து தொப்பி போட்டா, கீழ இருந்தா அடிச்சான்?"

அதற்கு அவளும் சிரித்தாள். அவன் சொல்லி அவள் சிரித்த கடைசிப் பேச்சு அது.

அண்ணன் போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அவளும் அண்ணியும்தான். அலமாரியில் மாத்திரைப் புட்டி பாதி நிறைந்தபடியே இருந்தது. கதவைத் திறந்தால் உருண்டு கலகலக்கும். இருவரும் அதைத் தூக்கி எறியவில்லை. கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அது பாட்டுக்குத் தொட்டியை மீறி வளர்ந்து பால்கனிக் கம்பிக்கு வெளியே மடல்களை நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அந்தப் பக்கம் துணி காயப்போடுவதைக்கூட விட்டுவிட்டாள்.

கூரை மேல் அவள் தனியாக ஏறத் தொடங்கினாள். அங்கேதான் அந்தச் சத்தம். வெயில் ஏறி தகரம் சூடாகும்போது அவளுக்கு முன்னால், நாலடி தள்ளி, டக், டக். சூட்டில் தகரம் விரிந்தால் அப்படிச் சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அது ஏன் எப்போதும் இரண்டு தடவை வருகிறது, அது ஏன் போல்ட் வரிசை மேலேயே வருகிறது என்பதுதான் தெரியவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் கேட்ட இடத்தில் கால் வைத்து நடந்தாள். ஒரு தடவைகூடத் தகரம் அமுங்கியதில்லை.

போன கோடையில் ஒரு நாள் கிரீம் பூசும்போது விரலில் ஏதோ தடுக்கியது. தாடைக்கு அடியில், இடப்பக்கம். மிளகளவு இருக்கும். கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தாள். கீழிருந்து பார்க்கும்போது முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. பிறகுதான் யாருடையது என்று புரிந்தது. அதே அகலத் தாடை, அதே குழி. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அவளுக்குச் சவரம் இல்லை, பழி போட பிளேடும் இல்லை. தொப்பியின் வார் உரசியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தாடைக்கு அடியிலும் கிரீம் பூசத் தொடங்கியதற்கு முன்னால் அந்தக் கூரைகளில் கழித்த வருஷங்கள் நினைவுக்கு வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரியும். ஆனால் போனால் அண்ணிக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்த மனுஷிக்கு மறுபடியும் அதே வாசலை எப்படிக் காட்டுவது? கழுத்தில் ஒரு ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டாள். புண்ணோ ஆறவில்லை. பொருக்குத் தட்டியது, பெயர்ந்தது, கசிந்தது. பயம் முற்றியபோது புத்தி விலகியது. அலமாரியைத் திறந்து, அண்ணனின் காலாவதியான மாத்திரையை விழுங்கினாள். ஒரு விடியற்காலையில் பால்கனிக்குப் போய்க் கற்றாழையில் ஒரு மடலை வெட்டினாள்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. வெட்டிய இடத்தில் கற்றாழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"கழுத்துல இருக்கறத எடு" என்றாள் அண்ணி.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, கூரைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடித்திருக்கிறது என்றாள்.

"அவரும் இப்படித்தான் துண்டோட சாப்பிட்டாரு. நானும் பிளேடு பட்டதுன்னு சொன்னத நம்பிட்டு இருந்தேன்." அண்ணி குரல் உயரவில்லை. "இந்த வீட்ல இன்னொருத்தர் கழுத்த மூடிக்கிட்டுச் சாப்பிடறத நான் பாக்க மாட்டேன். எடுடி."

அவள் ஸ்கார்ஃபை எடுத்தாள். அண்ணி எழுந்து வந்து, அவள் முகத்தை விளக்குப் பக்கம் நிமிர்த்தி, நெடுநேரம் பார்த்தாள். தொடவில்லை.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சியா?"

"மறுபடியும் நீங்க அந்த வாசல்ல உக்காரணுமேன்னு நெனச்சேன் அண்ணி."

"உக்காந்தா என்ன? எனக்குப் பழக்கமான பெஞ்சுதான்."

அப்போதுதான் சமையலறை அலமாரி தானாகத் திறந்தது போலக் கலகலவென்று சத்தம் வந்தது. இருவரும் திரும்பினார்கள். கதவு மூடித்தான் இருந்தது. அண்ணி போய் அதைத் திறந்து, புட்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே போனார்கள். அதே டாக்டரம்மா, தலை நரைத்திருந்தார். வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்கப் போன அன்றும் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து பழைய கதை எதுவும் பேசாமல், எதிரே போகிறவர்களின் செருப்பைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். அண்ணனுக்கு வந்ததேதான் இவளுக்கும் வந்திருந்தது. ஆனால் வேர் ஓடவில்லை, ஓரம்வரை சுத்தமாக எடுத்தாயிற்று என்றார்கள்.

இப்போது அவள் தாடைக்கு அடியில் ஒரு கோடு இருக்கிறது. குறித்த நாளில் போய்க் காட்டிவிட்டு வருகிறாள், அண்ணியும் கூடப் போகிறாள். காலையில் வெயில் ஏறும் முன்பும் சாயங்காலமும்தான் கூரையில் வேலை. கழுத்தை மூடும் துணியும் உண்டு, கிரீமும் உண்டு, நடுவில் இறங்கி மறுபடியும் பூசிக்கொள்கிறாள். கற்றாழை வளர்ந்துகொண்டிருக்கிறது, அதை யாரும் வெட்டுவதில்லை. கூரையில் அந்தச் சத்தம் இன்னும் அவளுக்கு முன்னால் போகிறது.