ஜன்னல் பக்கம் திரும்பியவர்

இது கதையில்லை. நாரின் என்ற மலை ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு, போன ஜனவரியில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் இடுகாட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கடைக்கு வருகிறவர்களை நான் மதித்ததே இல்லை. பாதிப் பேர், செத்தபின் கல்லறைக் கல்லில் செதுக்குவதற்காகத்தான் படம் எடுத்துக்கொள்வார்கள். விறைத்துப்போய் உட்காரும் அந்த மூஞ்சிகளோடு என்ன பேச்சு? ஜன்னல் வெளிச்சம், இரண்டு நிமிடம், நடையைக் கட்டு. அவ்வளவுதான்.

அன்று திங்கட்கிழமை. குளிரில் விரிசல் விட்ட ஜன்னலுக்குக் காலையில்தான் குறுக்கே டேப் ஒட்டியிருந்தேன். மதியம் மூன்று நாற்பது. திரும்பினால், ஸ்டூலில் ஒரு கிழவர். கதவு மணி அடிக்கவில்லை.

"போன தடவை சுவரைப் பார்க்க வெச்சே," என்றார். "எம் பொண்டாட்டி பக்கம் முதுகு. ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"எந்தப் பக்கம் பார்த்தா என்ன, பெரியவரே? ஆடாம இருங்க."

"உனக்கெல்லாம் கேமரா ஒரு கேடு. ஜன்னல் பக்கம் பார்க்கிறேன், எடு. வியாழக்கிழமை அவ வந்துடுவா."

லென்ஸ் வழியே பார்த்தேன். கணப்பு அடுப்பு அணைந்த அறை. என் மூச்சு ஆவியாகப் போனது. அவருடையது... போகவில்லை.

ஜன்னலைப் பார்க்கிற கண்ணில் ஜன்னல் தெரியும். ஒரு பொட்டு வெளிச்சம். யார் கண்ணிலும் இருக்கும்.

அவர் கண்ணில் இல்லை.

க்ளிக்.

நிமிர்ந்தேன். ஸ்டூல் காலி.

கேமராத் திரையிலும்... வெறும் ஸ்டூல். மணி மூன்று நாற்பத்திரண்டு.

சனிக்கிழமை போலோத்பெக் என்ற ஒருவர் வந்தார்.

"வியாழக்கிழமை அம்மா தவறிட்டாங்க, அண்ணே. அப்பா கல்லுல பாதி இடம் அவங்களுக்குன்னு விட்டிருக்கு. அந்தக் கல்லைப் படம் எடுத்துக் குடுங்க. அதுக்கு ஒத்தாப்ல அம்மாவைச் செதுக்கணும்."

"அப்பா எப்போ...?"

"நாலு வருஷம் ஆச்சு. நீங்க எடுத்த படம்தான் கல்லுல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காரேன்னு அம்மாவுக்குத் தீராத வருத்தம்."

 கேமராவை எடுத்துக்கொண்டு அவரோடு இடுகாட்டுக்குப் போனேன்.

போலோத்பெக் கல்லின் மேலிருந்த பனியைத் துடைத்தார். கை பாதியில் நின்றது.

"அண்ணே... இவர் அந்தப் பக்கம்தானே பார்த்துட்டிருந்தார்?"

கறுப்புக் கல்லில் அதே கிழவர். காலியாக விட்ட பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செதுக்கியவரைப் பிறகு கேட்டோம். அதன்பின் அந்தக் கல் பக்கம் உளியைக் கொண்டு போகவே இல்லை என்று சத்தியம் செய்தார்.

கிட்டே போய்க் குனிந்தேன்.

இரண்டு கண்ணிலும் ஜன்னல்.

என் ஜன்னல். குறுக்கே... டேப்.