தராசு அண்ணனின் பாதிச் சுமை

எங்கள் லேபில் பொய்ப்பல் செய்கிறவர்கள் நான்கு பேர். அதில் மூத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மாவைக்கூட கிராம் கணக்கில் எடை போட்டுத்தான் கரைப்பார். ஆறு வருஷமாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அவரோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, மனைவியின் தம்பியோடு சைக்கிளில் கிளம்பிவிடுவார். தராசுவிடம் இருந்தது ரேஸ் சைக்கிள். ஒல்லி டயர், குனிந்து ஓட்டுகிற ஹேண்டில்பார், பின்னால் கேரியர்கூடக் கிடையாது. அதனால் டென்ட், அடுப்பு, துணி, பஞ்சர் சாமான் எல்லாமே மைத்துனருடைய தடித்த சைக்கிளில்தான் போகும். இவர் ஒரு தண்ணீர் பாட்டிலோடு முன்னால் பறப்பார். மேட்டில் அந்த மனிதர் நாக்குத் தள்ள ஏறிவந்ததை, ஊர் திரும்பியதும் எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான், சுமையெல்லாம் மனைவி தலையில்தான் என்று பிறகு தெரிந்தது. பத்து மாதத்துக்கு முன்பு அவர் மனைவி துணிமணியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை சச்சரவு எதுவும் இல்லையாம். 'இதுக்கு மேல முடியலை' என்று மட்டும் சொன்னாராம்.

அதன் பிறகு தராசு மதியச் சாப்பாட்டைத் தனியாக மாடிப்படியில் உட்கார்ந்து முடித்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நாங்களும் விட்டுவிட்டோம். அது தப்புதான், எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரு நாள் சைக்கிளை லேபுக்கே கொண்டுவந்து பின்பக்க ஷெட்டில் நிறுத்தினார். இடைவேளையெல்லாம் அதோடுதான் குடித்தனம். ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு, அந்த ஃபிரேமுக்குள் நுழைகிற அளவுக்குக் கொஞ்சம் தடித்ததைப் போட்டார். மேடு ஏறுவதற்குப் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் வந்தது. ஹேண்டில்பார் இரண்டு விரல் உயர்ந்தது. கேரியர் மாட்ட ஓட்டையே இல்லாத வண்டி அது. ரப்பர் வைத்த கிளாம்ப்பைக் கம்பியில் இறுக்கி எப்படியோ மாட்டிவிட்டார். பையைத் தொங்கவிட்டு மிதித்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகால் பையில் இடித்தது. மூன்று நாள் அதோடு போராடி, பையை மூன்று விரல் பின்னுக்குத் தள்ளிய பிறகுதான் இடி நின்றது. அதோடு விட்டாரா? பல் தேய்க்கிற பிரஷின் கைப்பிடியை லேப் ரம்பத்தால் பாதியாக அறுத்தார்.

"பல்லை வெச்சுப் பொழைக்கறவர், பிரஷ் மேலயே கை வெச்சுட்டீங்களே அண்ணே," என்றேன்.

"ஒம்போது கிராம் மிச்சம்டா." அவர் சிரிக்கவில்லை. "மொத்த சாமான் பத்து கிலோ. இந்த வண்டி அஞ்சு தாங்கும். இந்தத் தடவை சரிபாதி நான் தூக்கறேன்னு அவன்கிட்ட சொல்லணும்."

"அவரு வர்றேன்னு சொல்லிட்டாரா?"

"இன்னும் கேக்கலை."

மன்னிப்புக் கேட்க வாய் வராத மனிதர் மூன்று வாரமாக ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் மதியம் நான்தான் நச்சரித்துப் போன் போட வைத்தேன். கையெல்லாம் பிளாஸ்டர் என்பதால், நம்பரை நான் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன்.

"டேய், நான்தான்டா. வர்ற மாசம் நாலு நாள் போவோமா? வண்டியில கேரியர் போட்டுட்டேன். பாதி சுமை என்னோடது. மேட்டுல நீ முன்னாடி போ, நான் பின்னாடி மெதுவா வர்றேன்."

மறுமுனையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது யார் என்று தராசுவுக்குத் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டார்.

"வேணாங்க," என்றார் மைத்துனர். குரலில் கோபம் இல்லை. "அக்கா இப்பத்தான் கொஞ்சம் சாப்பிடறா, தூங்கறா. நான் உங்ககூட கிளம்பினா அவ மூஞ்சியில எப்படி முழிக்கறது? டென்ட் என்கிட்டதான் இருக்கு, ஆள்கிட்ட கொடுத்தனுப்பறேன். நீங்க போயிட்டு வாங்க."

பேச்சு அங்கே தடுக்கியது. தராசுவுக்குக் கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷமாக அந்த வாயிலிருந்து 'அத்தான்' இல்லாமல் பேச்சு முடிந்ததில்லையாம். கூப்பிட வேறு வார்த்தை தேடுகிறார் என்று எனக்கே தெரிந்தது.

"பார்த்துப் போங்க, சார்."

தராசு போனை அணைக்கக் கையை நீட்டி, பிளாஸ்டரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சரிங்க," என்றார்.