மனிதன் கை படாத எங்கள் வாவி

இன்று காலை ஆரையம்பதி வாவிக்கரையில் சதுப்பில் வேரூன்றி நிற்கும் கண்ணா மரங்களையும் தண்ணீரில் விழும் அவற்றின் பிம்பத்தையும் படமெடுத்தேன். நடுவில் தோணியில் நின்று ஓர் அண்ணன் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தண்ணி அலம்புது. கொஞ்சம் ஆடாம நிப்பீங்களா?"

"ஓம் தம்பி, எடுங்க. உங்கட ஃபேஸ்புக் பேரைச் சொல்லுங்க, நானும் பாக்கணும்."

வலையைப் பாதியில் விட்டு, பத்து நிமிடம் கொக்குப்போல் நின்றார்.

வீட்டுக்கு வந்து படத்தை மேம்படுத்தினேன். வானத்துக்கு நீலம் ஏற்றினேன். மிதந்த சொப்பிங் பைகளை அழித்தேன். இயற்கைக்கு இடைஞ்சலாக நின்ற அண்ணனையும் தோணியோடு அழித்தேன்.

'மனிதன் கை படாத எங்கள் வாவி' என்று எழுதிப் போட்டேன். இதயங்கள் குவிந்தன.

பிறகு அண்ணனின் கொமெண்ட் வந்தது:

"படம் வடிவா இருக்கு தம்பி. ஆனா தண்ணிக்குள்ள நான் இன்னும் தலைகீழா நிக்கிறன். இனி வலையை இழுக்கலாமா?"

பிம்பத்தை அழிக்கும் வழியை யாரும் சொல்ல வேண்டாம். அண்ணனுக்கு என்ன பதில் எழுதுவது, அதைச் சொல்லுங்கள்.